ரெசினில் வார்த்தால் காவல் போய்விடுமா?

ஜப்பானியக் கோயில்களின் காவல் சிலைகளுக்கு வரும் நகல்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், மரம் என்றால் கலை, ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) என்றால் போலி என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

நாரா நகரத்துக் கோஃபுகுஜி கோயிலின் அசுரன் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 734-இல் செய்தது. மூன்று முகம், ஆறு கை. (நம் புராணங்களில் தேவர்களிடம் அடி வாங்கியே காலம் தள்ளும் அசுரர்களில் ஒருவர், அங்கே புத்தருக்குக் காவல் நிற்கும் எட்டுப் பேரில் சேர்ந்துவிட்டார். முகம் மட்டும் ஏதோ யோசனையில் இருக்கும் பையனுடையது.) உயரம் 153 செ.மீ., எடையோ சுமார் 15 கிலோதான். ஏனென்றால் உள்ளே ஒன்றும் கிடையாது. களிமண்ணில் உருவம் பிடித்து, அதன்மேல் சணல் துணியை உருஷி மரத்துப் பாலால் அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். இறுகியதும் மண்ணை வெளியே எடுத்துவிட்டு, கூடு நெளியாமல் இருக்க உள்ளே ஒரு மரச்சட்டம் வைப்பார்கள். நம் கொலுவில் இருக்கும் காகிதக்கூழ் பொம்மைக்குப் பணக்காரப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோயில் 1180-இல் தைரா குலத்துப் படையால் எரிந்தது, 1717-இல் மறுபடி எரிந்தது. அசுரன் பிழைத்தார். தூக்கிக்கொண்டு ஓட முடிகிற எடை!

இப்போது சொல்லுங்கள், இவருக்குக் கனமான வெண்கலத்தில் நகல் செய்தால் அது மரியாதையா? உள்ளீடில்லாமல் வார்த்த ரெசின் நகல்தான் அசலுக்கு நெருங்கிய சொந்தம் என்பேன். அதுவும் இறுகிய பிசின், அதுவும் வெறும் கூடு.

ஆனால் தோதாய்ஜி கோயிலின் தெற்கு வாசலில் ஜோடியாக நிற்கும் நியோ எனும் வாசற்காவலர்களிடம் இந்த வாதம் செல்லாது. இருவரும் 8 மீட்டருக்கு மேல். 1203-இல் உன்கெய், கைகெய் முதலான சிற்பிகள் 69 நாளில் முடித்தார்கள். தனித்தனி மரத்துண்டுகளைப் பலர் ஒரே நேரத்தில் செதுக்கி இணைத்ததால்தான் அந்த வேகம். 1988 முதல் 1993 வரை பிரித்துப் பழுதுபார்த்தபோது, ஒவ்வொரு சிலையிலும் சுமார் 3,000 துண்டுகள் இருப்பது தெரிந்தது. ரெசினில் வார்த்தால் புடைத்த நரம்புவரை அப்படியே வரும், இந்தக் கூட்டுவேலையின் சுவடு வராது. சரி, ஒரே கட்டையில் ஒரு அடி உயரத்துக்குச் செதுக்கி "அசல் மரம்" என்று விற்கிறார்களே, அதில் மட்டும் வந்துவிடுகிறதா?

பொருள் மாறுவதை அந்தக் கோயில்களே பெரிதுபடுத்தவில்லை. ஹோர்யூஜி கோயிலின் நடுவாசல் நியோ இருவரும் 711-இல் மண்ணால் செய்தவர்கள். அவர்களில் வாய் மூடி நிற்பவரின் உடம்பைப் பிற்காலத்தில் மரத்தால் மாற்றிவிட்டார்கள். யாரும் அவரை வாசலைவிட்டு இறக்கிவிடவில்லை.

எனக்கு எரிச்சல் வருவது வேஷத்தில்தான். ரெசினில் மர ரேகை, பொய் விரிசல், பூசிய அழுக்கு! அசுரன் ஆதியில் செக்கச்செவேல் என்று இருந்தவர். அவர் சாயம் போன கோலத்தை எதற்கு நகலெடுக்க வேண்டும்? ரெசினை ரெசினாகவே விட்டு, பளிச்சென்று சிவப்படித்துக் கொடுத்தால் நானே ஒன்று வாங்குவேன்.