சார் எதுக்கு சினிமா பாக்குறீங்க?

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒலி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், வில்லன் தூரத்துல இருந்து சுடுறான். சத்தம் கேட்டதும் ஹீரோ குனிஞ்சு தப்பிச்சுடுறாரு. நெசமாவே நடக்குமா சார்?"

எனக்கு சினிமா என்றால் உயிர். பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். ரைஃபிள் குண்டு புறப்படும்போது நொடிக்கு 700, 800 மீட்டர் வேகத்தில் வரும். ஒலியின் வேகம் அதில் பாதிதான். துப்பாக்கிச் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே குண்டு வந்துவிடும் என்றேன்.

"அப்ப சத்தம் கேட்டுச்சுன்னா குண்டு நம்ம மேல படலைன்னு அர்த்தமா சார்?"

எவ்வளவு அழகாகப் பிடித்துவிட்டான்! அடுத்து இன்னொருத்தி: "நொடிக்கு 340 மீட்டர்னு யாரு சார் அளந்தா?" வாங்க, நாமே அளப்போம் என்று வராண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஃபைஃபாக்ஸ் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. கை தட்டினால் ஓடத் தொடங்கி, மறுபடி தட்டினால் நிற்கும் ஸ்டாப்வாட்ச் அதில் உண்டு. என் செல்லையும் கணக்கு டீச்சர் செல்லையும் 10 மீட்டர் தள்ளி வைத்தோம். இந்தப் பக்கம் ஒருவன் தட்டினான். அருகில் இருந்த செல் உடனே ஓடியது, மற்றது ஒலி போய்ச் சேர்ந்த பிறகு ஓடியது. அந்தப் பக்கம் ஒருத்தி தட்ட, இரண்டும் தலைகீழ் வரிசையில் நின்றன. இரண்டு செல்லும் காட்டும் நேரத்தின் வித்தியாசம்தான் ஒலி அந்தப் பக்கம் 10, இந்தப் பக்கம் 10 என்று 20 மீட்டர் போக எடுத்துக்கொண்ட நேரம்.

பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்த சத்தத்தில் மூன்று தடவை வீணாகிப்போனது. நான்காவது தடவை 0.057 நொடி. போர்டில் வகுத்தார்கள். 351.

"புக்குல 340தானே சார்?" வெயில் அன்றைக்கு 33 டிகிரி. பூஜ்ய டிகிரியில் ஒலியின் வேகம் 331, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 கூடும், போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார்கள். 350.8 வந்தது. அந்தக் கூச்சல் கேட்டு ஹெச்.எம். எட்டிப்பார்த்தார். மறுபடி அளந்ததில் 0.056 வந்தது. தட்டினவள் செல்லுக்குப் பக்கத்தில் நிற்காமல் இரண்டு செல்லுக்கும் நடுவே அரையடி உள்ளே தள்ளி நின்றிருந்தாள், அதையும் அவர்களேதான் கண்டுபிடித்தார்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த ஆப் எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைத்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா நோண்டிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் போவதைப் பார்க்க விடிகாலையில் மொட்டை மாடியில் நிற்பதும் யாரும் சொல்லிச் செய்ததல்ல. சினிமா, கிரிக்கெட், செல்போன் என்று பிள்ளைகள் பேசுகிற உலகத்தில் வாத்தியாரும் ஒரு காலை வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பையன் என்னிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டான்.

ஆனால் இப்போது எங்கள் சாயங்காலங்கள் பள்ளி விவரங்களை இணையத்தில் பதிவேற்றுவதிலேயே போகின்றன. புகைப்படம், பட்டியல், மறுபடி அதே பட்டியல். பாடக்குறிப்பை இரவு பத்து மணிக்கு எழுதுகிற ஆசிரியர் எப்போது எதையாவது நோண்டிப் பார்ப்பார்? எங்களுக்குச் சம்பள உயர்வு, விருது எல்லாம் அப்புறம். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் எங்களுடையதாக இருக்கட்டும், இதைத்தான் நான் கேட்கிறேன்.

"இதனால சிலபஸ் முடியுமா?" என்று உடன் வேலை செய்பவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பீரியட் போனது உண்மைதான், சனிக்கிழமை வைத்து ஈடுகட்டினேன். ஒருவர்கூட லீவு போடவில்லை.

அன்றைக்குக் கடைசி பெஞ்சுக்காரன் மறுபடி வந்தான். "சார், எங்க கிணத்துல குரல் கொடுத்தா திரும்பி வருது. ஆழத்தை அளக்கலாமா?" வருகிற ஞாயிறு போகிறோம். சரிபார்க்க நீளமான கயிறும் கல்லும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.