ஒன்பது மணிக்கே வந்தாக வேண்டுமாம்!

இன்றைக்கும் டிபன் பாக்ஸ் போச்சு. பையை நெஞ்சுப் பக்கம் மாட்டி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டுதான் ரயிலில் ஆபீஸுக்குப் போனேன். ஓத்தேமாச்சி ஸ்டேஷனில் இறங்கித் திறந்தால் மூடி ஒரு பக்கம், எலுமிச்சை சாதம் ஒரு பக்கம், லேப்டாப் முழுக்க மஞ்சள்.

டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு எந்த ரயில் என்று சொல்லவே வேண்டாம். தோசாய் லைன். பெயரில்தான் தோசை, ஏறினால் நாம்தான் மாவு. நிஷி-கசாய்க்கு வரும்போதே வண்டி பிதுங்கிக்கொண்டு வரும். அரகாவா ஆற்றுப் பாலம்வரை வெளிச்சமாவது உண்டு. மினாமி-சுனாமாச்சியில் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டால், முன்னால் நிற்பவர் காதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

2019-இல் கிபாவுக்கும் மோன்சென்-நகாச்சோவுக்கும் நடுவே காலை நெரிசல் 199 சதவீதம். இந்தச் சதவீதத்துக்கு அரசாங்கமே ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. 200 என்றால் உடம்போடு உடம்பு அழுந்துமாம், ஆனாலும் வாரப் பத்திரிகையை எப்படியோ படித்துவிடலாமாம். மூக்கு அரித்தால் சொறியக் கை வராது, இதில் பத்திரிகை!

ரயிலைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த 2019-லேயே உச்ச நேரத்தில் மணிக்கு 27 வண்டி, ஒவ்வொன்றிலும் பத்துப் பெட்டி. சீக்கிரம் ஏறி இறங்கட்டும் என்று சில வண்டிகளில் கதவையே 1.8 மீட்டர் அகலத்துக்கு வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் கூரையிலா ஏற்றுவார்கள்?

என் ஆத்திரமெல்லாம் எங்கள் ஆபீஸ் மேல்தான். ஒன்பது மணிக்கு அத்தனை பேரும் ஆஜராக வேண்டுமாம். அடித்துப் பிடித்துப் போய் என்ன கிழிக்கிறோம்? பக்கத்து மேசைக்காரரோடு ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆன்லைன் மீட்டிங். 2020-இல் கொரோனா வந்ததும் இதே தடத்தில் நெரிசல் 123-க்கு இறங்கியது. சுரங்கம் என்ன அகலமாகிவிட்டதா? வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம், வேலையும் நடந்தது. இப்போது என்னடாவென்றால், முகம் பார்த்துப் பேசினால்தான் டீம் என்கிறார் மேனேஜர். அவர் வீட்டிலிருந்து ஆபீஸ் நடக்கிற தூரம்.

சரி, பத்து மணிக்காவது வரலாமா என்று போன வாரம் கேட்டேன். தலையைச் சாய்த்தார், பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுத்தார், "சொத்தோ..." என்றார், அதாவது 'கொஞ்சம்...'. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இந்த ஊரில் 'கொஞ்சம்' என்று இழுத்தால் நடக்கவே நடக்காது என்று அர்த்தம்.

லேப்டாப்பைத் துடைத்துவிட்டேன். சார்ஜர் சொருகும் ஓட்டையில் மட்டும் ஒரு கடுகு சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.