நான் கேட்ட வருடம்

ஞாயிற்றுக்கிழமை இசை ரசிகர் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி இன்பாக்ஸில் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். வீடியோவைப் பார்த்தவர்களுக்கு மறுபடி விளக்கத் தேவையில்லை. ‘இந்த ஆண்டு என்னை ஆட்கொண்ட ஆல்பங்கள்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் மூன்று சொன்னேன். அடுத்துப் பேச வந்தவர் மைக்கைப் பிடித்ததுமே, “அம்மா, வருஷத்தைத் தப்பாப் பிடிச்சிட்டீங்க, இது 1986 இல்லை” என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

தலைப்பை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘இந்த ஆண்டு வெளிவந்த’ என்று அதில் இல்லை. ‘என்னை ஆட்கொண்ட’ என்றுதான் இருக்கிறது. ஆல்பம் எந்த வருடம் வந்தது என்பது கம்பெனியின் கணக்கு. அது எந்த வருடம் எனக்குள் வந்தது என்பது என் கணக்கு. 2025இல் நான் எதோடு வாழ்ந்தேன் என்று கேட்டால் அதைத்தானே சொல்ல முடியும்?

நான் சொன்னவை இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் நம் ஊர்க் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய ஷக்தி குழுவின் முதல் ஆல்பம், ‘கால் ஆஃப் தி வேலி’ என்ற இந்துஸ்தானி ஆல்பம். முதலாவது 1986, அடுத்தது 1976, கடைசி 1967. ஆமாம், மூன்றும் பழசு. அதை மறைத்து நான் பேசவில்லை.

ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மார்ச் 8 அன்று லண்டனில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது இதே நண்பர்கள் எப்படிக் கொண்டாடினார்கள்! நானும் கொண்டாடினேன். ஆனால் அந்த சிம்பொனிக்கு 39 வருடம் முன்பே, படம் இல்லை, பாடகர் இல்லை, பாட்டு வரி இல்லை என்று ஒரு மனிதர் தியாகராஜருக்கும், ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாக ஓர் ஆல்பம் போட்டாரே, அதன் பெயரைச் சொன்னால் ஏன் சிரிப்பு வருகிறது? பாக் எழுதிய தனி வயலின் இசை ஒரு பக்கம் ஓட, அதைச் சுற்றி ராஜா எழுதிய வயலின்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகின்றன. ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று அதற்குத் தலைப்பு. அடுத்ததன் தலைப்பு, ‘நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்’. பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர் பாக்கை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார். வி.எஸ். நரசிம்மனின் வயலினை அந்த இடத்தில் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம். பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாக இந்த ஆல்பத்தின் இசையைத்தான் எடுத்துக்கொண்டார். அவருக்கும் அன்று அது புதுசு இல்லை.

“பழசையே கேட்டுக்கொண்டிருந்தால் புதிதாக வருகிற பிள்ளைகள் எப்படிப் பிழைப்பார்கள்?” என்று கேட்பீர்கள். நான் புதியவர்களைக் கேட்கவில்லை என்று யார் சொன்னது? டிக்கெட் வாங்கிப் போகிறேன், கேட்கிறேன். மூன்று சொல்லச் சொன்னார்கள், அந்த மூன்றில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

“ஆல்பம் என்பதே வெள்ளைக்காரன் வழக்கம், நமக்குத் தனித்தனிப் பாட்டுதான்” என்று கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருவர் சொன்னார். இதை என்னால் ஏற்கவே முடியாது. நம் கச்சேரி என்ன, தனித்தனிப் பாட்டா? வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் வந்து, நடுவில் ஒரு ராகத்தை விரித்துப் பாடி, தனியாவர்த்தனம் விட்டு, துக்கடாக்கள் பாடி, மங்களத்தில் முடிப்பார்கள். யாராவது மங்களத்தை முதலில் பாடுவார்களா? வரிசை என்பது நம் ஊர்ச் சரக்கு. ‘கால் ஆஃப் தி வேலி’ காஷ்மீரில் ஓர் இடையனின் ஒரு நாள். ஆஹிர் பைரவ் ராகத்தில் விடிகிறது. நமக்குச் சக்ரவாகம் என்று சொன்னால் புரியும். பொழுது சாயும்போது பூப், அதாவது நம் மோகனம். கடைசியில் பஹாடி. சிவ்குமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிட்டார், மூன்றும் சேர்ந்து ஒரு பகலை இரவு வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போகின்றன. இதைக் குலுக்கிப் போட்டுக் கேட்டால் ராத்திரி முடிந்து மத்தியானம் வரும்.

“முக்கால் மணி நேரம் சும்மா உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது?” எனக்கும் இல்லை. தாம்பரத்தில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குகிறவள் நான். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் பூக்கூடைக்கும் சாப்பாட்டுப் பைக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் ஷக்தியைக் கேட்டேன். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் 1975 ஜூலையில் நேரடியாகப் பதிவானது. மொத்தமே மூன்று உருப்படிதான். கடைசி உருப்படி மட்டும் கிட்டத்தட்ட அரை மணி நேரம். விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் மாறி மாறி வரும்போது, கிண்டியில் ஏறுகிற கூட்டம் மேலே வந்து மோதுவதுகூடத் தெரியாது.

அதை என்னைப் போடச் சொன்னவர் அப்பா. 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் போய்விட்டார் என்ற செய்தி வந்த அன்று, “அந்தப் பழசைப் போடு பாப்பா” என்றார். முழுக்கக் கேட்டார். பிப்ரவரியில் அப்பா போய்விட்டார்.

இதை மேடையில் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள், ஆல்பத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று நினைத்தேன். இப்போது சொல்கிறேன். இந்த வருடம் என்னால் வார்த்தை உள்ள எந்தப் பாட்டையும் கேட்க முடியவில்லை. எந்த வரி வந்தாலும் அது அப்பாவிடம் போய் நின்றது. ஆட்டோவில் பாட்டு ஓடினால் அணைக்கச் சொல்வேன். நான் சொன்ன மூன்றிலும் பாடகர் யாரும் கிடையாது. அதை அங்கே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, 1986ஐத்தான் கவனித்தார்கள்.

தாலுகா ஆபீஸ் எழுத்தர் அப்பா. ‘ஹவ் டு நேம் இட்’டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ரெக்கார்டிங் கடையில் வெற்றுக் கேசட் கொடுத்துப் பதிந்து வாங்கியிருந்தார். ஒரிஜினல் வாங்க அன்று முடியவில்லை. பச்சை மசியில், சாய்வான கையெழுத்தில் தலைப்புகளைத் தமிழில் எழுதி அட்டைக்குள் மடித்து வைத்திருப்பார். ஞாயிறு காலை டூ இன் ஒன்னில் அதைப் போட்டால் முடியும்வரை வீட்டில் யாரும் பாத்திரம் உருட்டக் கூடாது. அம்மாவுக்கு அதில் கோபம் உண்டு. எனக்கும் அன்று உண்டு.

எனக்கு ஆறு வயது இருக்கும். அப்பா கேசட்டை நிறுத்திவிட்டு வாசலுக்கு எழுந்து போனார், தபால்காரர் வந்திருந்தார். நான் போய், பதிவு செய்கிற சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டேன். கேசட் சுற்ற ஆரம்பித்தது. திரும்பி வந்து பார்த்தவர் அடிக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார், பல வருடம். வேறு கேசட் பதிந்து வாங்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து பீரோவை ஒழித்தபோது கேசட் கிடைத்தது. ஓடுகிற டெக் ஒன்றைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. பாக் வீட்டுக்கு வருகிற அதே இடத்தில் வயலின் சட்டென்று அறுகிறது. கொஞ்சம் இரைச்சல். தூரத்தில் சைக்கிள் மணி. அப்புறம் அப்பாவின் குரல், இப்போது எனக்கு இருக்கிற வயதைவிடச் சின்ன வயதுக் குரல்: “பாப்பா, அதை அமுக்காதே.” டக்கென்று ஒரு சத்தம். மறுபடி வயலின், நடுவில் கொஞ்சம் போய்விட்ட வயலின்.

ரயிலில் போனில் கேட்கும்போது அந்த இடத்தில் எதுவும் அறுவதில்லை. நான் அழித்துவிட்ட அந்த நாலைந்து விநாடி வயலினை இந்த வருடம்தான் முதல்முறையாகக் கேட்டேன். பத்து மாதமாகக் கேட்கிறேன். அந்த இடம் வரும்போது இன்னும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.