ஒண்ணும் ஏறலையேன்னு இன்னொரு துண்டு

கொடைக்கானலுக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். திட்டுவதற்கு இல்லை. சரி, கொஞ்சம் திட்டவும்தான்.

மூஞ்சிக்கல் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறோம். போன ஜனவரியில் நான்கு பையன்கள் வந்தார்கள். நல்ல பையன்கள், என் மனைவியை அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு சாப்பிட்ட தட்டைக்கூட அவர்களே கழுவி வைத்தார்கள். இரவு பதினொன்றரைக்கு ஒருவன் கதவைத் தட்டுகிறான், "அங்கிள், அவன் செத்துடுவேன்னு சொல்றான், கொஞ்சம் வாங்க." மேலே போய்ப் பார்த்தால், அந்தக் குளிரில் பையன் தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, வாய் வறண்டு கிடக்கிறது, யார் வீட்டில் இருக்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. கேட்டால், மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி சேரவில்லையாம். வத்தலக்குண்டுக்கு இறக்கிவிடலாமா என்று கார் சாவியோடு நிற்கிறவனுக்கே கண் சிவந்து கிடக்கிறது, அந்தக் கண்ணோடு மலைப்பாதையில்!

அரைமணி நேரம் அதட்டிய பிறகுதான் உண்மை வந்தது. வெண்ணெயில் கஞ்சாவைப் போட்டுக் காய்ச்சி அவர்களே வீட்டில் செய்து கொண்டுவந்த சாக்லேட். எட்டு மணிக்கு ஒரு துண்டு. முக்கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் ஏறவில்லையே என்று இன்னும் இரண்டு.

இந்த "ஏறலையே"தான் எல்லா வம்புக்கும் காரணம். புகையாக இழுத்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும், போதும் என்று நிறுத்தலாம். தின்றால் அது வயிற்றுக்குப் போய், கல்லீரலுக்குப் போய், அங்கே வேறொரு பொருளாக மாறி, அதற்குப் பிறகுதான் மூளைக்குப் போகிறது. மாறிய அந்தப் பொருளுக்கு வீரியம் அதிகம். அரைமணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது, உச்சத்துக்குப் போக மூன்று நான்கு மணி நேரம்கூட ஆகும், இறங்க எட்டு மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். புகை இல்லை, இருமல் இல்லை, அதனால் இது சாது என்று நினைக்கிறார்கள். சாது இல்லை, தாமதமாக வருகிற முரடன்.

அதிலும் வீட்டில் செய்தது என்றால் அளவு யாருக்குமே தெரியாது, செய்தவனுக்கும் தெரியாது. கஞ்சா அனுமதிக்கப்பட்ட கனடாவிலேயே தின்பண்டம் என்றால் ஒரு பாக்கெட்டுக்கு 10 மில்லிகிராம் டிஎச்சிதான் (கஞ்சாவில் போதை ஏற்றுகிற பொருள்) இருக்கலாம், அதுவும் சோதித்து அச்சடித்து வரும். நம் ஆள் கிண்டிய வெண்ணெயில் ஒரு மூலையில் ஒன்றும் இருக்காது, இன்னொரு மூலையில் மொத்தமும் இருக்கும். முதல் துண்டு சும்மா இருந்தது என்பதை வைத்து அடுத்த துண்டைக் கணக்குப் போட முடியாது.

அந்த இரவு எப்படியோ கழிந்தது. ஈரத் துணியை மாற்றி, கம்பளி போர்த்தி, வாந்தி எடுத்தால் புரை ஏறிவிடக் கூடாதென்று ஒருக்களித்துப் படுக்க வைத்து, விடிய விடியப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். மோர், எலுமிச்சை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஏறியதை இறக்க மாற்று மருந்து கிடையாது, நேரம்தான். ஆனால் எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, நெஞ்சு வலிக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே 108. டாக்டரிடம் பிரியாணி கதை சொல்லாதீர்கள். மதுவும் குடித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். பையன் மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு எழுந்து இட்லி இருக்கிறதா என்று கேட்டான்.

எனக்கு உண்மையிலேயே கை நடுங்கியது அதற்கு அடுத்த நாள். அவர்கள் கிளம்பிய பிறகு பிரிட்ஜைத் திறந்தால், ஃபாயில் பேப்பரில் சுற்றிய மூன்று துண்டு. இது கொடைக்கானல் ஐயா. இங்கே தெருவுக்குத் தெரு ஹோம்மேட் சாக்லேட், எல்லாமே ஃபாயிலில்தான் சுற்றி வரும். என் பேத்திக்கு நான்கு வயது, பிரிட்ஜ் கதவை அவளே திறப்பாள். நீங்கள் மூன்று துண்டில் பட்ட பாட்டை அவள் ஒரே துண்டில் படுவாள், நினைவு தப்பும், மூச்சே மந்தமாகும். பெரியவர்கள் மறந்து வைத்துவிட்டுப் போனதைத் தின்று குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போவது உலகம் பூராவும் நடக்கிறது. மனைவி அதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

சாக்லேட்டில் கலந்துவிட்டால் அது ஸ்வீட்தானே என்று ஒருவன் வாதாடினான். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கஞ்சா சேர்ந்த கலவையையும் பானத்தையும் கஞ்சா என்றே சொல்கிறது. சிறிய அளவுக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. வேலைக்குப் போகிற வயதில் அந்த வழக்கு வேண்டுமா?

இப்போதெல்லாம் சாவி கொடுக்கும்போதே நேராகக் கேட்டுவிடுகிறேன், தின்கிற மாதிரி ஏதாவது கொண்டுவந்தீர்களா என்று. இருந்தால் அறை கிடையாது, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சிலருக்கு முகம் சுருங்குகிறது. போன வாரம் ஒருவர், ஓனர் போலீஸ் மாதிரி விசாரிக்கிறார் என்று எழுதி ஒரு ஸ்டார் கொடுத்திருக்கிறார். இருக்கட்டும்.