அழித்தது இங்கே, போனது அங்கேயும்

கம்ப்யூட்டரில் இடமில்லை என்று ஒரே நச்சரிப்பு. சரி, போட்டோவெல்லாம்தான் கிளவுடில், அதாவது நெட் வழியாக எங்கோ ஒரு சர்வரில், பத்திரமாக இருக்கிறதே என்று ஃபோல்டரை அப்படியே அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு நிமிர்ந்தால், போனில் உள்ள ஆப்பிலும் ஒவ்வொன்றாக மறைகிறது! கம்ப்யூட்டரையும் கிளவுடையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் இந்த சிங்க் என்றால் நகல் எடுத்து வைப்பது இல்லையாம், கண்ணாடி மாதிரியாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியுமாம். இதை முதல் நாளே சொன்னால் வாய் வலிக்குமா? நல்லவேளை, கிளவுடின் குப்பைத்தொட்டியில் 30 நாள் விட்டுவைக்கிறார்கள். மீட்டுவிட்டேன்.

இடம் மிச்சமாக வேறு வழி இருக்கிறதாம். ஃபைலை ரைட் கிளிக் செய்து, ஆன்லைனில் மட்டும் இருக்கட்டும் என்று கொடுக்க வேண்டும். பெயரும் ஐகானும் இங்கே, சரக்கு மொத்தமும் சர்வரில். பக்கத்தில் குட்டியாக ஒரு மேகம். அதையும் செய்தேன். மறுநாள் பார்த்து நெட் போனது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது.

அப்புறம் இந்த 'முரண்பட்ட நகல்'. ஒரே ஃபைலை இரண்டு இடத்தில் மாற்றினால், எது சரி என்று தெரியாமல் தனித்தனி ஃபைலாகப் போட்டுவிடுமாம். வீட்டுக் கணக்கு ஷீட்டை லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து எழுதியது என் குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். இப்போது என்னிடம் மூன்று கணக்கு இருக்கிறது. கரண்ட் பில்லை எதில் எழுதினேன் என்றுதான் தெரியவில்லை.