பாவம் என்று சொல்வதற்கு முன்

குரலை இழந்த பாடகியைப் பேட்டி காண்பவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்கிறார்கள்: "மறுபடி எப்போது பாடுவீர்கள்?" கேட்பவருக்கு அது அன்பு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கோ, பாடாத நீங்கள் எங்களுக்குப் பாதி ஆள்தான் என்ற அறிவிப்பு. எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. பின்னணியில் ஒரு சோக வயலினை வேறு ஓடவிட்டுவிடுவார்கள்.

நாம் பாராட்டுகிற விதத்திலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. அவர் உச்சத்தில் இருந்தபோது என்ன சொன்னோம்? குயில் என்றோம், தேன் என்றோம், தெய்வம் கொடுத்த வரம் என்றோம். விடியற்காலைச் சாதகத்தைப் பற்றியோ, ஒரே சங்கதியைப் பிடிபடும்வரை திரும்பத் திரும்பப் பாடியதைப் பற்றியோ, எங்கே மூச்செடுப்பது என்று பாட்டுத் தாளில் பென்சிலால் போட்டுவைத்த சின்னக் கோட்டைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை. வரம் என்று சொல்லிவிட்டால் உழைப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா? அதனால் வரம் போனதும் அவரிடம் மிச்சம் ஒன்றுமில்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். அவரையும் அப்படியே நம்பவைத்துவிடுகிறோம்.

போனது என்ன என்பதைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். பெண்களின் குரல்நாண்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான். 440 ஹெர்ட்ஸ் சுரத்தில் ஒருவர் நின்று பாடினால் அவை நொடிக்கு 440 முறை மோதிப் பிரிகின்றன. நாணின் மேற்பரப்புக்கு அடியில் கூழ் போன்ற மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அது தடையின்றி நெளிந்தால்தான் சுரம் சுத்தமாக வரும். காயமோ அறுவைச் சிகிச்சையோ அதில் தழும்பை விட்டுச் சென்றால் அந்த இடம் விறைத்துப்போகும். அதை முழுதாக நீக்கிப் பழையபடி ஆக்கும் வைத்தியம் இன்றுவரை இல்லை. பொதுவாக முதலில் பறிபோவது உரத்த பாட்டல்ல, மேல் ஸ்தாயியில் இழையாக, மெல்லப் பாடுகிற பாட்டு. சுரம் வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று வரும், அல்லது சுரம் ஒரு கணம் தயங்கி வரும். அதை மறைக்க அவர் அழுத்திப் பாடுவார்; அழுத்த அழுத்தப் பழுது கூடும். அரங்கம் அப்போதும் கைதட்டிக்கொண்டுதான் இருக்கும். விஷயம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பாட்டு போன பிறகும் பேச்சு பல சமயம் தப்பித்துவிடுகிறது. "நன்றாகத்தானே பேசுகிறீர்கள்?" என்று கேட்காதவர் இல்லை. கை இழந்த வீணைக் கலைஞரிடம் நன்றாகத்தானே நடக்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்களா?

ஆங்கிலத் திரைப்பட, மேடைப் பாடகி ஜூலி ஆண்ட்ரூஸுக்கு இது நடந்தது 1997இல். தொண்டையில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தப் புகழ்பெற்ற நான்கு ஸ்தாயிக் குரல் திரும்பவே இல்லை. பிறகு மகளுடன் சேர்ந்து குழந்தைகளுக்கான நூல்களை எழுதினார், நாடகம் இயக்கினார். 2004இல் ஒரு படத்தில் மிகக் குறுகிய வீச்சுக்குள் அமைத்த சிறு பாட்டைப் பாதி பேச்சாகப் பாடினார். 2020இல் தொடங்கிய ஒரு தொடரின் கதைசொல்லியாக, அவர் முகத்தையே காட்டாமல், பேச்சுக் குரல் மட்டும் ஒலித்தது. இதையெல்லாம் "மீண்டு வந்தார்" என்று எழுதுகிறார்கள். எங்கே மீண்டார்? வேறொரு இடத்துக்குப் போனார். அப்படிச் சொல்வதில் என்ன குறை வந்துவிடும்?

ஓப்பரா என்னும் மேற்கத்திய இசைநாடகத்தின் பாடகி மரியா காலஸின் கதை எனக்கு இன்னும் முக்கியம். 1965இல் லண்டனில் ஓப்பராவில் கடைசியாகப் பாடினார். 1971-72இல் நியூயார்க்கின் ஜூலியர்ட் இசைப் பள்ளியில் இளம் பாடகர்களுக்கு வகுப்பெடுத்தார். அந்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. ஒரு சொல்லின் அழுத்தத்தை, இசையமைப்பாளர் குறித்துவைத்த சிறு நிறுத்தத்தை அவர் விடாமல் பிடிப்பதைக் கேட்டுப் பாருங்கள். தேய்ந்த குரலில் ஒரு வரியைப் பாடிக் காட்டுவார். வரி எங்கே போகவேண்டும் என்பது பளிச்சென்று விளங்கிவிடும். காது போகவில்லை, இசையை எடைபோடும் திறன் போகவில்லை, ஞானம் போகவில்லை. ஆனால் உலகம் பேசுவது அடுத்து வந்த 1973-74 கச்சேரிப் பயணத்தைப் பற்றித்தான். பழைய குரலைத் தேடி வந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, விமர்சகர்கள் குரலின் கிழிசல்களை எண்ணினார்கள். மறுபடி பாடினால்தான் மதிப்பு என்ற நம் கணக்கு அந்தப் பயணத்துக்குப் பின்னால் துளியும் இல்லையென்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்துஸ்தானிப் பாடகி கிஷோரி அமோன்கரைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். இளவயதில் குரலை இழந்து, சில காலம் பாட முடியாமல் இருந்து, திரும்பி வந்தவர். உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் குரல் திரும்பாது. திரும்பியவரை உதாரணம் காட்டித் திரும்பாதவரைத் தேற்றுவது தேற்றல் ஆகாது.

அதேபோல "கற்பித்தலில் புதுவாழ்வு கண்டார்" என்று அவசரமாக முற்றுப்புள்ளி வைப்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் 2009இல் கடைசிக் கச்சேரி செய்தார். 2013இல் தம்மால் இனிப் பாட முடியாது என்று அறிவித்தார். பார்கின்சன் என்று முதலில் சொன்ன மருத்துவர்கள், அதைப் போன்ற வேறொரு நரம்பு நோய் என்று பின்னர் கண்டறிந்தார்கள். மனதுக்குள் பாடிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் உடம்பால் பாடுவதற்கு அது ஈடாகாது என்று பேட்டியில் சொன்னார். ஆறுதல் தேடி வந்தவர்களுக்காக அந்த வாக்கியத்துக்குச் சர்க்கரை பூசவில்லை. இழப்பை இழப்பு என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பழைய இசைத்தட்டுகளைப் பரணில் போட்டுவிட்டு, இசையே வேண்டாம் என்று ஒருவர் விலகிப் போனால் அதுவும் அவர் உரிமைதான். நமக்கு ஊக்கம் தரும் கதையாக வாழவேண்டிய கடமை எந்தப் பாடகிக்கும் கிடையாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. மேடையை விட்டு ஒதுங்கிய ஆண் வித்வானை ஆசான், பெரியவர் என்று நாற்காலி போட்டு உட்காரவைப்பதில் நமக்குச் சிரமமே இருந்ததில்லை. பாடகி என்றால்தான் "பாவம், எப்படி இருந்த குரல்!" என்று தொடங்கிவிடுகிறோம்.

அப்படியானால் அவரிடம் என்னதான் கேட்பது என்கிறீர்களா? உங்கள் பழைய ஒலிப்பதிவில் எந்த இடத்தை இன்னும் நன்றாகப் பாடியிருக்கலாம் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்.