கோட்டை, நூலகம், நல்லூர், ஐஸ்கிறீம்: வான் வண்டியில் போனால் அவ்வளவுதான்

யாழ்ப்பாணத்துக்கு முதல்முறை வருகிறவர்களில் பாதிப் பேர் செய்வது இதுதான். விடிய ஒரு வான் பிடிப்பார்கள். கோட்டை வாசலில் 20 நிமிடம், நூலகத்துக்கு முன்னால் ஒரு படம், நல்லூரில் ஒரு கும்பிடு, பக்கத்திலேயே ஒரு ஐஸ்கிறீம், பிறகு நேரே தீவுகளுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறை. பின்னேரம் திரும்பி வந்து, "ரவுணுக்குள்ள பார்க்க ஒண்டும் இல்லை" என்று ஒரு பதிவு. வான் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் இல்லைத்தான்.

நடக்கத் தோதான ஊர் இது. தட்டை நிலம், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கோட்டையிலிருந்து நல்லூர் ஏறத்தாழ 3 கிலோமீட்டர், பஸ் நிலையத்திலிருந்து ரெயில் நிலையம் 20 நிமிட நடை. ஆனால் எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வெளிக்கிட்டால், 11 மணிக்கு ஆரியகுளம் சந்தியில் நின்று ஓட்டோவுக்குக் கை காட்டுவதில்தான் முடியும்.

முதலில் கடலைப் பற்றி ஒன்று. "கரையோர நகரம்" என்று நம்பி அலையும் மணலும் தேடி வந்தால் ஏமாற்றம்தான். நகரம் பார்த்துக்கொண்டிருப்பது பரவைக்கடலை. தீவுகள் மறித்து நிற்பதால் அலை இல்லை. பல இடங்களில் ஆழமும் இல்லை. தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நடந்து போவது தெரியும். தண்ணீருக்குள் வரிசையாகத் தடிகள் நட்டு வலை கட்டியிருப்பார்கள், அது களங்கண்ணி. நீரோட்டத்தோடு வரும் மீனும் இறாலும் வலைச்சுவரில் முட்டி, அதன் வழியே போய்க் கடைசிக் கூட்டுக்குள் அகப்படும். கரையில் ஒதுங்கிய சாதாளை என்ற கடல்தாவரம் அழுகி மணக்கும், முக்கியமாகத் தண்ணீர் வற்றிய நாட்களில். அது குப்பை நாற்றம் என்று நினைத்து மூக்கைப் பொத்தவேண்டாம். ஆனால் காலை நனைக்கலாமென்று இறங்கவும் வேண்டாம். அடி சேறு, முழங்கால் வரை இழுக்கும். சேற்றுக்குள் திருக்கை படுத்திருக்கும். குளிக்கத்தான் வேண்டுமென்றால் பஸ் ஏறிக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போங்கள். அது வேறு நாள், வேறு கதை.

இந்த ஊரில் நடக்கிற நடைகளில் முதல் இடம் கொழும்புத்துறையிலிருந்து கோட்டைக்கு வரும் கரையோர நடைக்குத்தான் கொடுக்கவேண்டும். ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நின்று பார்த்து வந்தால் இரண்டரை மணித்தியாலம். பலரும் கோட்டையடியிலிருந்து தொடங்கிக் கிழக்கே போவார்கள். அது பிழை. காலை வெயில் கொழும்புத்துறைப் பக்கத்திலிருந்து நேரே முகத்தில் அடிக்கும்; கண் கூசும், எடுக்கிற படமெல்லாம் கறுத்துப்போகும். அதனால் விடிய ஐந்தேமுக்காலுக்கு ஒரு ஓட்டோவில் கொழும்புத்துறை இறங்குதுறைக்குப் போய் இறங்கி, வெயிலை முதுகில் வைத்துக்கொண்டு மேற்கே நடந்து வாருங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று இடக்கைப் பக்கத்திலிருந்து அடிக்கும். வியர்வை தெரியாது, ஆனால் தொப்பிக்கு நாடா வேண்டும். கார்த்திகைக்குப் பிறகு வாடை, அது பின்னால் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் இரண்டு நாள் விடாது. அந்த மாதங்களில் குடையை விட, தண்ணீரில் வழுக்காத செருப்புத்தான் முக்கியம்.

அங்கிருந்து பாசையூர். 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் வந்தால் வள்ளங்கள் கரையேறி மீனை ஏலம் கூறி விற்பதைப் பார்க்கலாம். கூறுகிறவரின் வேகம் முதல்முறை கேட்பவருக்குப் பிடிபடாது. விலை கேட்டுத் தலையாட்டினால் மீன் உங்கள் தலையில் விழும், கவனம். ஒதுங்கி நில்லுங்கள். நிலம் ஈரம், செதிலும் ஐஸ்தண்ணியும் கலந்து வழுக்கும். ஆட்களைப் படமெடுக்க முன் "அண்ணை, ஒரு படம் எடுக்கலாமோ" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கேட்காமல் எடுத்தால் பேச்சு விழும், அது நியாயமும்கூட. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். இந்தக் கரை கத்தோலிக்கக் கரை. அன்றைக்குக் கனபேர் தொழிலுக்குப் போவதில்லை, சந்தை சோர்ந்து கிடக்கும்.

பாசையூர் தாண்டினால் குருநகர். பழைய பெயர் கரையூர். கடற்கரை வீதி ஓரம் கிழிந்த வலை பொத்துகிறவர்களும், கவிழ்த்துப் போட்ட வள்ளங்களும், வீட்டு வாசலில் காயும் கருவாடும்தான் காட்சி. கடற்படை முகாம் வருகிற இடத்தில் கைபேசியைப் பைக்குள் வையுங்கள். இந்த ஊர் எங்கும் முகாம்களைப் படமெடுப்பது வீண் தொல்லை.

குருநகரிலிருந்து கரையை விட்டு வடக்கே திரும்பிப் பிரதான வீதிக்கு ஏறுங்கள். மரியன்னை பேராலயம், பழைய பாடசாலைகள், பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்குத்தெருக்கள். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து நகரக் கட்டமைப்பு இந்தக் குறுக்குத்தெருக்களில்தான் மிஞ்சியிருக்கிறது: நேர்கோட்டுத் தெரு, தெருவோடு ஒட்டிய திண்ணை, தடித்த தூண், தாழ்ந்த ஓட்டுக்கூரை. பறங்கித்தெரு என்ற பெயரே ஒரு சரித்திரம். வருடத்துக்கு இரண்டு மூன்று என்று இந்த வீடுகள் உடைபட்டுக் கண்ணாடி முகப்புக் கடையாகிக்கொண்டிருக்கின்றன. பார்க்க நினைப்பவர் தள்ளிப்போடவேண்டாம். கோட்டைக்கு இருக்கிற பாதுகாப்பில் பத்தில் ஒரு பங்கும் இந்தத் திண்ணைகளுக்கு இல்லை என்பது என் மனக்குறை.

எட்டரை, ஒன்பதுக்குள் காலைச் சாப்பாட்டை முடிக்கவேண்டும். பெரியகடை என்ற கடைத்தெருப் பக்கம் சைவக்கடைகள் இருக்கின்றன. இடியப்பம், சொதி, சம்பல், பிறகு ஒரு பிளேன்ரீ. பிந்திப் போனால் இடியப்பம் முடிந்துவிடும், றோல்ஸும் வடையும்தான் மிச்சம்.

10 மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் நடக்காதீர்கள். இது கெட்டிக்காரத்தனம் காட்டுகிற நேரம் அல்ல. வீதி அகட்டும்போது நிழல்மரங்கள் போய்விட்டன. சுண்ணாம்புக்கல் நிலமும் தாரும் வெக்கையைத் திருப்பி முகத்தில் வீசும். அரைநாள் நடைக்கு ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் கணக்கு வையுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு நடப்பவருக்குத்தான் பின்னேரம் தலையிடி வரும், உப்பு இறங்குவதால். மருந்துக்கடையில் ஜீவனி என்ற உப்புக்கரைசல் தூள் பக்கற் கிடைக்கும். ஒரு பக்கற் ஒரு லீற்றருக்கு, அரைப் போத்தலில் முழுதைக் கரைக்கக் கூடாது. இல்லாவிட்டால் இளநீரும் ஒரு துண்டு உப்பு மாங்காயும். குழாய்த்தண்ணீர், கிணற்றுத்தண்ணீர் பழக்கமில்லாத வயிற்றுக்கு ஒத்துவராது; பல இடங்களில் உவர்.

வழி கேட்பது தனிக் கலை. தமிழ் தெரியும் என்ற தைரியத்தில் வரும் தமிழ்நாட்டு நண்பர்களே இதில்தான் இடறுவார்கள். இங்கே இது, அது இரண்டும் போதாது. நடுவில் "உது" இருக்கிறது. "உந்தச் சந்தியாலை போய் உங்காலை திரும்புங்கோ" என்றால் உங்களுக்குக் கிட்ட இருக்கிற சந்தி, நீங்கள் நிற்கிற பக்கம். "அங்காலை" என்றால் இன்னும் தள்ளி. அடுத்து, வீதிப் பெயர் சொல்லிக் கேட்டால் பலர் யோசிப்பார்கள். சந்தியையோ கோயிலையோ சொன்னால் உடனே கை நீட்டுவார்கள். தட்டாதெருச் சந்தி, ஓட்டுமடம், ஐந்துசந்தி, முத்திரைச் சந்தி என்று கேளுங்கள். அரசடி, புளியடி, வேம்படி என்றதும் மரத்தைத் தேடவேண்டாம். மரம் எப்போதோ போயிருக்கும், பெயர்தான் நிற்கிறது. "பிள்ளையார் கோயிலடி" என்றால் எந்தப் பிள்ளையார் என்று மறுகேள்வி கட்டாயம். "கிட்டத்தான்" என்ற சொல்லை 10 நிமிடமாக எடுங்கள். சைக்கிளில் நிற்கிறவர் சொன்னால் 25.

கைபேசி வரைபடத்தை ஒழுங்கைக்குள், அதாவது சந்துக்குள், நம்பாதீர்கள். ஒழுங்கைகள் காணி எல்லையின்படி வளைந்தவை. வரைபடத்தில் மறுபக்கம் திறந்திருப்பதாகக் காட்டும், போனால் ஒரு வீட்டுப் படலையில் முடியும், படலைக்குப் பின்னால் நாய் நிற்கும். திரும்பி ஓடாமல், முகத்தை அதன் பக்கம் வைத்துப் பின்னுக்கு நடங்கள். இருட்டின பிறகு ஒழுங்கைகளை விட்டுப் பெரிய வீதியாலேயே போங்கள்; மூடாத வெள்ளவாய்க்கால்கள் பகலில் அடையாளம், இரவில் பொறி.

நடைபாதை பற்றிச் சொல்லாமல் விட்டால் வயிறு எரியும். கஸ்தூரியார் வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் நடைபாதை இருக்கிறது. அதில் மோட்டார்சைக்கிள் நிற்கிறது, உடுப்புக்கடைப் பொம்மை நிற்கிறது, நடக்கிறவர் மட்டும் வீதியில். மஞ்சள் கடவையில் கால் வைத்தால் வாகனம் தானாக நிற்கும் என்று நினைக்கவேண்டாம், கை காட்டி, ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துத்தான் இறங்கவேண்டும். மினிபஸ்ஸுக்கு அதுவும் காணாது.

மூன்றரைக்குப் பிறகு நூலகம். சுற்றிப் பார்க்க வருவோரை எல்லா நேரமும் உள்ளே விடமாட்டார்கள். படிக்கிறவர்களின் இடம் அது, அப்படித்தான் இருக்கவேண்டும். அன்றைக்கு எந்த நேரம் என்று முதலே வாசலில் கேட்டு வையுங்கள். 1959இல் திறந்த கட்டடம். 1981 மே கடைசி நாள் இரவு தொடங்கி எரிந்தபோது 97,000 அளவில் நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. வெள்ளைச் சுவரைப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்புகிறவர்கள் அந்த எண்ணையாவது மனதில் கொண்டு போகட்டும். பக்கத்தில் சுப்பிரமணியம் பூங்கா, கொஞ்சம் தள்ளி மணிக்கூட்டுக் கோபுரம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாகக் கட்டியது. நடக்கிறவருக்கு அதன் பயன் வேறு: நகரின் நடுவில் தூரத்திலிருந்தே தெரிகிற அடையாளம் அதுதான்.

கோட்டைக்கு நாலரைக்கு உள்ளே போனால் போதும். போர்த்துக்கேயர் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். முருகைக்கல் என்பதைச் சுவரில் கை வைத்தே அறியலாம்: கல்லுக்குள் சிப்பியும் பவளப் பூவும் அச்சுப் போட்டதுபோல் தெரியும். சாய்ந்தால் சேலையும் சட்டையும் கிழியும். மதிலின் மேல் பாதை அகலம்தான், ஆனால் ஓரத்துக்குத் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. பிள்ளைகளைக் கையில் பிடியுங்கள். உள்ளே பெரிதாக நிழல் கிடையாது. 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990 போர் முற்றுகையில் தகர்ந்து கற்குவியலானது; அது நின்ற இடத்தைக் கேட்டுப் பாருங்கள். பொழுதுபடுகிற நேரம் பருவத்துக்கேற்ப ஐந்தேமுக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில். மேற்குக் கொத்தளத்தில் நின்றால் பரவைக்கு அப்பால் தீவுகள் ஒரு கோடுபோலக் கிடக்க, வெயில் தண்ணீரில் இறங்கும். கோட்டை பூட்ட வெளிக்கிடச் சொன்னால் மனம் நோகவேண்டாம், தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்தடியில் அதே காட்சி இலவசம். பண்ணைத் தெருவில் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்புவது போதும். மண்டைதீவு வரை நடக்க ஆசைப்படுகிறவர்கள் காற்றையும் தனியார் பஸ்களின் வேகத்தையும் கணக்கில் எடுக்காதவர்கள்.

நல்லூரை அடுத்த நாள் காலைக்கு வையுங்கள், அல்லது மாலைப் பூசைக்கு. நண்பகலில் போனால் வெளிவீதி மணல் வெறுங்காலைப் பொசுக்கும். ஆண்கள் சட்டை கழற்றவேண்டும், உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். பூசை சொன்ன நேரத்துக்கு நடக்கும். அர்ச்சனை ஒரு ரூபாய். இந்த இரண்டுக்காகவே அந்தக் கோயிலில் எனக்கு மரியாதை. ஆவணியை ஒட்டிய 25 நாள் திருவிழாவில் சுற்று வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். நடக்கிறவருக்கு அது கொண்டாட்டம், ஆனால் தங்குமிடம் முதலே பதியவேண்டும்.

அங்கிருந்து பருத்தித்துறை வீதியால் இன்னும் கிழக்கே நடந்தால் முத்திரைச் சந்தியில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் சிலை, பிறகு சங்கிலியன் தோப்பு வாசல் வளைவு, மந்திரிமனை, பகர வடிவ யமுனா ஏரி. எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியால நடை. மந்திரிமனை சிதைந்த கட்டடம், மேலே ஏறவேண்டாம். யமுனா ஏரியைப் பலகை பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். சந்தியடிக் கடையில் ஒரு சோடா வாங்கிக்கொண்டு கேளுங்கள். எப்படியும் "உங்காலைதான்" என்பார்கள்.